இடியாப்பத்துக்கும் கோழிக் குழம்புக்கும் கிறிஸ்துமஸ் களை

கேள்வி: கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில் காலையில் இடியாப்பம், மதியம் தேங்காய்ப்பால் சாதமும் கோழிக் குழம்பும்தான். ஓவன் கிடையாது. இதையே பண்டிகைக் களையோடு பரிமாற முடியுமா?

பதில்: தாராளமாக முடியும், சமையலை மாற்றவே வேண்டாம். கிறிஸ்துமஸ் என்றால் சிவப்பு, பச்சை, வெள்ளை. வெள்ளை உங்கள் இடியாப்பத்திலும் சாதத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. மீதி இரண்டுக்கும் கலர் பொடியைத் தொடாதீர்கள், காய்கறிக் கூடையே போதும்.

சாதத்தை, வாசலில் மாட்டும் இலை வளையம் போல வைத்துப் பாருங்கள். வாய் அகன்ற கிண்ணத்தின் உள்ளே நெய் தடவுங்கள். கிண்ணத்தின் உயரமே உள்ள டம்ளரின் வெளிப்புறமும் நெய் தடவி, நடுவில் தலைகீழாக வையுங்கள். நேராக வைத்தால் பிறகு உருவ வராது. சாதத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குழைவாக வடித்து, பட்டை, இலையைப் பொறுக்கிவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே சுற்றிலும் விளிம்பு வரை அழுத்தி நிரப்புங்கள். சுடச்சுட வைத்தால் சரியும், ஆறிவிட்டால் ஒட்டாது. ஐந்து நிமிடம் கழித்துத் தட்டில் கவிழ்த்து, கிண்ணத்தை எடுத்துவிட்டு, டம்ளரை மெல்லத் திருகி மேலே உருவுங்கள்.

காலைக்குப் பெரிது, நடுத்தரம், சிறிது என மூன்று இடியாப்பங்களை அடுக்கித் தேங்காய்த் துருவல் தூவினால் பனி விழுந்த மரம் தயார். உச்சியில் வேகவைத்த கேரட்டில் வெட்டிய நட்சத்திரம். பிள்ளைகளையே அடுக்கச் சொல்லுங்கள்.

பச்சைக்கு மல்லி, புதினாச் சட்னி. அரைத்த கொஞ்ச நேரத்தில் அது பாசி நிறமாகிவிடுவதுதான் பலருக்கும் பிரச்சினை. சூடும் புளிப்பும் சேர்ந்தால் இலையின் பச்சையம் சிதைந்துவிடும். தழையைக் கொதிநீரில் இருபது விநாடி மட்டும் முக்கி, சூடு தங்காதபடி உடனே ஐஸ் தண்ணீரில் போட்டுப் பிழிந்து அரையுங்கள். புளி வேண்டாம், பரிமாறும்போது எலுமிச்சை பிழிந்தால் போதும்.

குழம்பு சிவக்க, மிளகாய்த்தூளில் பாதியைக் காஷ்மீரி மிளகாய்த்தூளாக மாற்றுங்கள். காரம் ஏறாமல் நிறம் தூக்கலாக வரும். சிறு தீயிலேயே எண்ணெயில் பிரட்டுங்கள், கருகினால் நிறமும் போச்சு, ருசியும் போச்சு.

அப்புறம் மாதுளை. முத்துகளைத் துணியில் ஒற்றி எடுத்து வைத்திருந்து, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகே மல்லித்தழையோடு சாத வளையத்தின் மேல் தூவுங்கள். முன்கூட்டியே தூவினால் சாறு இறங்கி வெள்ளைச் சாதம் திட்டுத் திட்டாகிவிடும்.