நானும் அலுவலக நண்பரும் ஆடும் செஸ் ஆட்டங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தும் முன்னேற்றம் இல்லை. எப்படி அலசுவது?

ஆட்டம் முடிந்த கையோடு கணினியைத் திறந்து, சிவப்புக் குறி விழுந்த நகர்த்தல்களை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நானும் பல ஆண்டுகள் அதையே செய்தேன். நான் பயிற்சியாளர் அல்லன், என் ரேட்டிங் (ஆட்டத்திறன் மதிப்பெண்) 1500-ஐத் தாண்டியதும் இல்லை என்பதால், 'இவர் யார் சொல்வதற்கு' என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் தோற்ற அனுபவத்தில் நான் யாருக்கும் இளைத்தவன் அல்லன்.

ஒரு வார இறுதிப் போட்டியில், கறுப்பு ஆடிய என்னிடம் கடைசியில் யானை மட்டுமே மிஞ்சியது. எதிராளியிடம் யானையும் ஒரு சிப்பாயும் இருந்தன. கட்டங்களை எழுத்தும் எண்ணுமாகச் சொல்கிறேன்: எழுத்து நெடுக்கு வரி, எண் வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணும் குறுக்கு வரிசை. என் ராஜா இ8, யானை பி6. அவருடைய ராஜா எஃப்5, யானை எச்7, சிப்பாய் இ5. பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் 1777-லேயே விளக்கிய டிரா (வெற்றி தோல்வியின்றி முடியும் நிலை) இது. சிப்பாய் ஐந்தாம் வரிசையில் இருக்கும்வரை, எதிராளியின் ராஜா முன்னேறாதபடி நம் யானை ஆறாம் வரிசையைக் காக்க வேண்டும். சிப்பாய் ஆறாம் வரிசைக்கு வந்ததும், அதன் முன்னால் எதிராளியின் ராஜா செக்கிலிருந்து ஒதுங்க இடமில்லாமல் போவதால், யானையைக் கீழே இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு முதல் பாதி மட்டுமே மனப்பாடம். சிப்பாய் இ6-க்கு வந்த பிறகும் 'ஆறாம் வரிசையை விடாதே' என்று எண்ணி, யானையை ஏ6-க்கு நகர்த்தினேன். அவருடைய ராஜா எஃப்6-க்கு வந்தது; அடுத்து அவர் யானையால் எச்8-இல் மேட் காத்திருந்தது.

ஆட்டத்தை அலசும் கணினி நிரலான ஸ்டாக்ஃபிஷ், யானையை ஏ6-க்கு நகர்த்தியதைப் பெரும்பிழை என்றது, யானையை பி1-க்கு இறக்குவதே விடை என்று காட்டியது. என் மண்டையில் ஓடியது அதற்கு எப்படித் தெரியும்? காரணம் மாடிப்படியில் பிளாஸ்டிக் பலகையை விரித்து எதிராளியோடு பேசியபோதுதான் விளங்கியது. "சார், நீங்க செக் குடுக்க ஆரம்பிச்சா டிரான்னு கை குடுக்க இருந்தேன். ராஜா சும்மா நிக்குதேன்னுதான் நகர்த்தினேன், மேட்டை அப்புறம்தான் பார்த்தேன்," என்றார். எதற்காக அந்த வரிசையைக் காக்கிறோம் என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மாடிப்படிக்குப் போனதற்கும் காரணம் உண்டு: நுழைவுக் கட்டணம் வாங்கிய அமைப்பாளர்கள், ஆடி முடித்த இருவர் பேச ஒரு மேசை ஒதுக்கவில்லை. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, நண்பர் பக்கத்து இருக்கையில் இருக்கிறார். ஒவ்வொரு நகர்த்தலிலும் என்ன எண்ணினீர்கள், எதற்குப் பயந்தீர்கள் என்று இருவரும் முதலில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். கணினியைக் கடைசியில் திறங்கள், அதுவும் நீங்கள் இருவரும் ஒத்துப்போகாத இடங்களுக்கு மட்டும்.