வேலையில் அநீதி, இரவில் விழிப்பு: மாத்திரை தேவையா?

கேள்வி: வயது 41. ஒன்பது வருடமாக ஒரே நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நான் வேலை கற்றுக்கொடுத்தவருக்கே பதவி உயர்வு தந்துவிட்டார்கள். காரணம் கேட்டால் ‘மேலிடத்து முடிவு’ என்கிறார்கள். நான்கு மாதமாக, அநேகமாகத் தினமும், நடுராத்திரி விழிப்பு வருகிறது. பின்மண்டை வலிக்கிறது, கணக்கில் தவறு விழுகிறது. ‘மனசைத் தேற்றிக்கொள்’ என்கிறார்கள். மாத்திரை உண்டா?

பதில்: ‘தேற்றிக்கொள்’ என்பவர்கள் உங்கள் உடம்பைக் கணக்கில் எடுக்கவில்லை. கொட்டும் உழைப்புக்கும் கிடைக்கும் மதிப்புக்கும் பொருத்தமில்லாத நிலை நீடித்தால் இதயம்வரை பாதிக்கும் என்று மருத்துவச் சமூகவியலாளர் யோஹன்னஸ் சீக்ரிஸ்ட் 1996இல் விளக்கினார். பின்வந்த ஆய்வுகளும் அதை ஆதரித்தன.

உங்களை அதிகம் வாட்டுவது பதவி உயர்வு கைநழுவியதைவிட, காரணம் சொல்லப்படாததுதான் என்று நினைக்கிறேன். சம்பளம் குறைக்கப்பட்ட செவிலியர்களிடம் மேலாண்மை ஆய்வாளர் ஜெரால்ட் கிரீன்பெர்க் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. அவர்களுக்குத் தூக்கம் கெட்டது. ஆனால், மரியாதையாக விளக்கிப் பேச மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி தந்த இடங்களில், அதே சம்பளக் குறைப்புக்கும் பாதிப்பு குறைவாகவே இருந்தது. காரணம் தெரியாத மனம் அதையே அசைபோடும். அந்த நேரமெல்லாம் உடல் தளர்வதில்லை. தூக்கக் குறைவும் அசைபோடுதலும் சேர்ந்து கவனத்தைத் தின்றுவிடுவதால்தான் கணக்கு தவறுகிறது.

பின்மண்டை வலியை மனக்கவலை என்று ஒதுக்காதீர்கள். மேல்கையில் கட்டும் கருவியால் ஏழு நாள் ரத்த அழுத்தம் பாருங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தபின், காலையும் மாலையும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. முதல் நாள் அளவை விட்டுவிட்டு, மற்றவற்றின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். குறட்டை உண்டென்றால் அதையும் சொல்லுங்கள்.

வாரம் மூன்று இரவுக்குக் குறையாமல் இப்படி விழிப்பது மூன்று மாதம் நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. இதற்கு முதல் சிகிச்சை தூக்கத்துக்கான நடத்தைப் பயிற்சி. மாத்திரை சில நாளைக்கு உதவலாம், ஆனால் பழக்கமாகிவிடலாம். நீங்களாக வாங்கிப் போடவே வேண்டாம். பயிற்சி இதுதான்: விழித்து இருபது நிமிடம் போனதாகத் தோன்றினால் (கடிகாரம் பார்க்காமல்) எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். எந்நேரம் தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றே. பகல் தூக்கமும் மதியத்துக்குப் பின் காபியும் கூடாது. முதல் வாரம் சோர்வு கூடும். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். நான்கு முதல் ஆறு வாரம் பொறுங்கள்.

மாலையில் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, குமுறலைக் காகிதத்தில் எழுதி மூடிவிடுங்கள். படுக்கையில் எழுதினால் விழிப்புதான் கூடும். தினமும் சக ஊழியரோடு அதே பேச்சைப் பேசுவதும் ஆறிவரும் புண்ணைக் கீறுவதுதான்.

இரண்டு வாரம் ஓரளவு தூங்கியபின் மேலதிகாரியிடம் பேசுங்கள். ‘அவருக்கு ஏன் கொடுத்தீர்கள்?’ என்றால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். எந்த அளவுகோலில் முடிவெடுத்தீர்கள், என்னிடம் எது குறைந்தது, அடுத்த பரிசீலனை எப்போது என்று கேட்டு, பதிலை அன்றே மின்னஞ்சலில் உறுதிப்படுத்துங்கள். ‘இவர்களுக்கு இது போதும்’ என்று உழைப்பைக் குறைக்கத் தோன்றும்; இயல்புதான், ஆனால் அதனால் விழும் தவறுகளே நாளை உங்களுக்கு எதிரான சான்றாகும். இரண்டு முறை கேட்டும் தெளிவான பதில் இல்லையென்றால் வேறு வேலை தேடுங்கள். அதையும் சிகிச்சையாகவே சொல்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணமோ நெஞ்சுவலியோ வந்தால் அன்றே, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.