இணையவழிச் செவிலியர் பட்டத்தை மருத்துவமனைகள் மதிக்குமா?

கேள்வி: அமெரிக்காவில் இரண்டாண்டுச் செவிலியர் படிப்பை முடித்து, உரிமம் பெற்று, ஆறு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். வேலையை விடாமல் இணையவழியில் பி.எஸ்.என். என்னும் செவிலியர் இளநிலைப் பட்டம் பெற விரும்புகிறேன். கல்லூரியில் நேரில் படித்தவர்களைவிட என்னைக் குறைவாக எண்ணுவார்களோ? சேர்க்கை ஆலோசகர் ஒருவர் இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்.

பதில்: உங்களைப் போல ஏற்கெனவே உரிமம் பெற்றவருக்கு அந்த அச்சம் தேவையில்லை. விண்ணப்பம் வந்ததும் முதலில் பார்க்கப்படுவது உரிமம். அது செல்லுபடியாகிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதை செவிலியர் உரிம விவரங்களைத் தரும் 'நர்சிஸ்' தரவுத்தளத்தில் சரிபார்ப்பார்கள். அடுத்து பட்டப்படிப்பின் அங்கீகாரம், பிறகு வார்டு அனுபவம். எந்த வழியில் படித்தீர்கள் என்பதைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் சான்றிதழில் அச்சிடுவதே இல்லை. புதிதாக உரிமம் பெறுவோர் பத்து ஆண்டுகளுக்குள் இளநிலைப் பட்டம் பெற வேண்டும் என்று 2017 டிசம்பரில் நியூயார்க் மாநிலம் சட்டமே இயற்றியது. வேலையில் இருந்துகொண்டே அப்படிப் பட்டம் பெறுவோர் பலருக்கு இணையவழிதான் கைகொடுக்கிறது.

நீங்கள் அஞ்ச வேண்டியது அந்த ஆலோசகரின் அவசரத்துக்குத்தான். ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டாலும், இத்தனை பேரைச் சேர்த்தேன் என்று கணக்குக் காட்ட வேண்டிய நிலையில் இருப்பவர்கள் பலர். 'எங்கள் கல்லூரி அங்கீகாரம் பெற்றது' என்று அவர் சொன்னால், கல்லூரிக்கா, செவிலியர் படிப்புக்கா என்று கேளுங்கள், செவிலியர் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் சி.சி.என்.இ. அல்லது ஏசென் அமைப்பின் பட்டியலில் அந்தப் படிப்பின் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். ஃபுளோரிடாவில் மூன்று செவிலியர் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டது 2023 ஜனவரியில் அம்பலமானது. அவை இணையவழிப் படிப்புகள் அல்ல. ஆயினும் குறுக்குவழி என்று ஆசைகாட்டிய தரகர்களை நம்பியவர்களில் பலர் உரிமத்தையே இழந்தார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பின்னாளில் நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதித் தரும் உயர்நிலைச் செவிலியர், ஆகும் எண்ணம் இருந்தால், மேற்சொன்ன ஆறுதல் அப்படியே பொருந்தாது. அந்த முதுநிலைப் படிப்பில் பாடங்கள் இணையத்தில் நடந்தாலும், நோயாளிகளிடம் செய்யும் பயிற்சி நேரில்தான். அதை மேற்பார்வையிடும் பிரிசெப்டரைத் தேடிக்கொள்ளும் பொறுப்பைச் சில பல்கலைக்கழகங்கள் கட்டணத்தை முழுமையாக வாங்கிக்கொண்டு மாணவர் தலையிலேயே கட்டிவிடுகின்றன; இடம் கிடைக்காமல் ஒரு பருவம் முழுவதும் காத்திருந்தவர்களை நான் அறிவேன். அந்தத் தவிப்பைக் காசாக்க, ஆள் பிடித்துத் தருகிறோம் என்று தரகு நிறுவனங்களும் முளைத்திருக்கின்றன. போதாக்குறைக்கு, எந்த மாநிலத்தில் அந்தப் படிப்பு உரிமத்துக்குச் செல்லும் என்று பல்கலைக்கழகங்கள் வெளியிடும் பட்டியலில், 2024 ஜூலைக்கு முன்புவரை, சில மாநிலங்களுக்கு நேரே 'தீர்மானிக்கப்படவில்லை' என்றே இருந்தது. தீர்மானிப்பது யார் வேலை என்றால் பல்கலைக்கழகம் மாநிலச் செவிலியர் வாரியத்தையும் வாரியம் பல்கலைக்கழகத்தையும் கைகாட்டின. ஒரு செவிலியரின் பல வருடச் சேமிப்பு இதற்கிடையில் சிக்கிக்கொண்டது யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

எனவே இந்த வாரம் பணம் கட்டாதீர்கள். படிப்பின் அங்கீகாரம், உங்கள் மாநிலத்தில் அது செல்லுபடியாகுமா, நேரடிப் பயிற்சி இருந்தால் அதற்கான இடத்தை யார் ஏற்பாடு செய்வார் ஆகிய மூன்றையும் ஆலோசகரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் சொல்லும் பதிலை ஏற்காதீர்கள்.