மட்டன் ரோல்ஸ் பாரிசுக்குப் போகுமா? பிரெக்சிட் கேள்வி பதில்

வணக்கம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு சுங்கத் தரகர் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். குளிர்பதன லாரிகளில் வந்துபோகும் உணவுப் பொருட்களுக்குப் பத்திரங்கள் தயார் செய்வதுதான் தொழில். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு 2020 ஜனவரி 31 அன்று விலகியது, பிரெக்சிட் என்பது அதுதான். ஆனால் எங்கள் மேசையில் நிஜமாகவே எல்லாம் மாறிய நாள் 2021 ஜனவரி 1. உறுப்பு நாடுகளுக்குள் சரக்கும் ஆட்களும் தடையின்றிப் போய்வரும் ஒற்றைச் சந்தை, தங்களுக்குள் சுங்க வரி போடாத சுங்க ஒன்றியம் இரண்டையும் விட்டு நாடு அன்றுதான் வெளியே வந்தது. நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (லூயிஷம், லண்டன்): அண்ணை, பாரிசில தங்கச்சியின்ர மகளுக்குச் சாமத்திய வீடு (பூப்புனித விழா). வீட்டில செய்த மட்டன் ரோல்ஸ் 200, முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் காரில கொண்டுபோகலாமோ? முந்தி கொண்டுபோனனாங்கள்.

பதில்: இப்போது முடியாது அக்கா. பிரிட்டனிலிருந்து ஐரோப்பாவுக்குள் இறைச்சியோ பாலோ, அவை சேர்ந்த பண்டமோ எடுத்துச் செல்லத் தடை. ரோல்ஸில் ஆட்டிறைச்சி இருப்பதால் அது நேராகக் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். இந்தத் தடை வந்த புதிதிலேயே டச்சு அதிகாரிகள் லாரி ஓட்டுநர்களின் ஹாம் (பன்றியிறைச்சி) சாண்ட்விச்சுகளைப் பறித்தது செய்தியானது.

காய்கறி, பழம், இலை எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் அதில் இல்லை. தேங்காய் கொண்டுபோங்கள், மற்றதைப் பாரிசின் லா ஷப்பேல் பகுதித் தமிழ்க் கடைகளில் வாங்கிக்கொள்ளுங்கள். ரோல்ஸைத் தங்கை வீட்டிலேயே எல்லாரும் சேர்ந்து சுற்றிப் பொரித்துவிடலாம்.

திரும்பி வரும்போதும் கவனம். கோமாரி நோய் பரவலால் 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பாவிலிருந்து இறைச்சி, பால் பொருட்களைத் தனிநபர் பிரிட்டனுக்குள் கொண்டுவரத் தடை போட்டார்கள். பிரெஞ்சு பாலாடைக்கட்டி வாங்குமுன் அரசின் இணையப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

கேள்வி (கோவை): இரு தரப்புக்கும் இடையில் இறக்குமதி வரியே இல்லை என்று ஒப்பந்தம் போட்டார்களே சார், அப்புறம் என்ன சிக்கல்?

பதில்: எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. 2020 டிசம்பர் 30 அன்று கையெழுத்தான ஒப்பந்தப்படி, எங்கே விளைந்தது, எங்கே தயாரானது என்ற விதிகளுக்கு உட்பட்ட பொருளுக்கு வரி கிடையாது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஒப்பந்தம் இல்லாமல் போயிருந்தால் பிரிட்டிஷ் ஆட்டிறைச்சிக்கு 40 சதவீதத்துக்கு மேல் வரி விழுந்திருக்கும், வேல்ஸ் மலைகளில் ஆடு வளர்ப்பவர்கள் அந்த வருடமே மந்தையை விற்றிருப்பார்கள்.

ஆனால் வரி இல்லை என்பதால் சோதனை இல்லை என்று ஆகாது. இறைச்சி, மீன், பால் பொருள் எதுவானாலும் ஒவ்வொரு சரக்குக்கும், பெரும்பாலும் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட ஏற்றுமதி நலச் சான்றிதழ் தேவை. சரக்கு போய்ச் சேரும் நாட்டின் மொழியிலும் இருக்க வேண்டும், முதலில் நுழையும் நாட்டின் மொழியிலும் இருக்க வேண்டும். பொருந்தாத வரிகளை அடித்து, அடித்த இடத்தில் மருத்துவர் சுருக்கொப்பம் போட்டு முத்திரை குத்த வேண்டும். அச்சு என்ன நிறமோ, முத்திரையும் கையெழுத்தும் அதிலிருந்து வேறு நிறமாக இருக்க வேண்டும். சரக்கு ஏற்றிய மரப்பலகைகூட வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டு முத்திரை வாங்கியிருக்க வேண்டும்.

2021 ஜனவரியில் ஒரு லாரி. ஸ்காட்லாந்திலிருந்து நண்டும் சிங்கிறாலும், பதினான்கு சிறு வியாபாரிகளின் சரக்கு ஒரே வண்டியில். பதின்மூன்று பேரின் தாள்கள் சரி. ஒருவருடையதில் மட்டும் மருத்துவர் கருப்பு மையில் கையெழுத்துப் போட்டுவிட்டார். வண்டி முழுவதும் நின்றது. விடிய விடிய நான் தொலைபேசியில் இருந்தேன். இரண்டாம் நாள் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் நண்டு என்று விற்க வேண்டியதில் பாதி உயிரோடு இல்லை. தாள் சரியாக இருந்த பதின்மூன்று பேருக்கும் அதே நஷ்டம். அந்த வியாபாரிகளில் ஒருவர் தொலைபேசியில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்கள் அனுபவத்தில் ஒரு சான்றிதழுக்கு 100 முதல் 200 பவுண்டு ஆகும். முழு லாரி நிறைய ஒரே பொருள் அனுப்பும் பெரிய நிறுவனம் அதைத் தாங்கும். நான்கு பெட்டி அனுப்புகிறவர் எப்படித் தாங்குவார்? அடி முழுக்கச் சிறியவர்கள் தலையில்தான் விழுந்தது. சில பொருட்களுக்குச் சான்றிதழ் இருந்தும் வழியில்லாமல் போனது. ஸ்காட்லாந்தின் விதை உருளைக்கிழங்கு, உறையவைக்காத பச்சை சாசேஜ் (அரைத்த இறைச்சி அடைத்த குழல்) இரண்டுக்கும் ஐரோப்பியச் சந்தை மூடியேவிட்டது.

இன்னொன்றும் மனதை உறுத்தும். பிரிட்டிஷ் சரக்கு முதல் நாளிலிருந்தே அங்கே சோதிக்கப்பட்டது. ஐரோப்பியச் சரக்குக்கு இங்கே சோதனையைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டு, 2024 ஏப்ரல் 30 அன்றுதான் பெட்டியைத் திறந்து பார்க்கும் சோதனை தொடங்கியது. மூன்று வருடத்துக்கு மேல் போட்டி சமமாகவே இல்லை.

கேள்வி (தேனி, விவசாயி): ஐயா, அங்கே விவசாயிகளுக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த மானியம் நின்றுபோனதா?

பதில்: நின்றது, ஆனால் ஒரே நாளில் அல்ல. பழைய முறையில் நிலத்தின் பரப்பைப் பார்த்துப் பணம். இங்கிலாந்தில் ஹெக்டேருக்குச் சுமார் 230 பவுண்டு. பெரிய பண்ணையாருக்குப் பெரிய தொகை, சின்னவருக்குச் சின்னத் தொகை. இது நியாயமில்லை என்ற குற்றச்சாட்டு பல காலமாக இருந்தது, என் கருத்தும் அதுதான். ஆனால் பல பண்ணைகளின் நிகர வருமானத்தில் பாதிக்கு மேல் இந்தப் பணமாகவே இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

2021 முதல் 2027 வரை அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது இங்கிலாந்தின் திட்டம். பதிலாக மண்ணைக் காப்பது, வேலிப்புதர் வளர்ப்பது, வெள்ளத்தைத் தடுப்பது போன்ற வேலைகளுக்குப் பணம். யோசனை நல்லது. ஆனால் புதிய திட்டங்களில் முக்கியமான ஒன்றுக்கு 2025 மார்ச்சில் முன்னறிவிப்பே இல்லாமல் விண்ணப்பத்தை மூடினார்கள். பழைய பணம் குறைந்து, புதிய பணத்துக்கும் கதவு அடைத்தால் மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர் என்ன செய்வார்? ஸ்காட்லாந்து தனி வழியில் நேரடி மானியத்தை இன்னும் கொடுத்துவருகிறது.

இதோடு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஒப்பந்தங்கள் 2023 மே 31 முதல் நடைமுறையில் உள்ளன. பத்தாவது ஆண்டில் ஆஸ்திரேலிய மாட்டிறைச்சி 1,10,000 டன் வரை வரியில்லாமல் வரலாம். ஆஸ்திரேலிய ஒப்பந்தம் கையெழுத்தானபோது வேளாண் துறைக்கு அமைச்சராக இருந்த ஜார்ஜ் யூஸ்டிஸ், பதவி விட்ட பிறகு அது அவ்வளவு நல்ல ஒப்பந்தம் அல்ல என்று நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார்.

கேள்வி (லெஸ்டர்): கடையில் சாமான் விலை ஏறியதற்குப் பிரெக்சிட்தான் காரணமா, போர்தான் காரணமா?

பதில்: இரண்டும். 2023 மார்ச்சில் உணவு விலை ஒரே வருடத்தில் 19 சதவீதம் ஏறியிருந்தது. அதில் பெரும்பங்கு உக்ரைன் போர், எரிவாயு, உர விலை. ஆனால் லண்டன் பொருளாதாரப் பள்ளி ஆய்வாளர்களின் கணக்குப்படி, 2019 கடைசியிலிருந்து 2023 மார்ச் வரை பிரெக்சிட் வணிகத் தடைகள் மட்டுமே ஒரு குடும்பத்தின் உணவுச் செலவில் 250 பவுண்டு கூட்டின. வருமானம் குறைந்த குடும்பம் மற்றவர்களைவிடச் சம்பளத்தில் அதிகப் பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழிக்கும். அந்த வீட்டில் 250 பவுண்டு பெரிய பணம்.

கேள்வி (சென்னை, மாணவி): பழம் பறிக்க ஆள் இல்லாமல் வயலிலேயே அழுகியது என்று படித்தேன். உண்மையா அண்ணா?

பதில்: உண்மைதான்மா. லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்று ஓர் ஊர். சுற்றிலும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வயல்கள். அறுக்க வந்தவர்கள் பெரும்பாலும் போலந்து, லிதுவேனியா போன்ற நாட்டவர்கள். 2016 வாக்கெடுப்பில் நாட்டிலேயே அதிகமாக, 75.6 சதவீதம் பேர் விலக வேண்டும் என்று வாக்களித்த ஊர் அதுதான். வீட்டு வாடகை, மருத்துவர் நேரம் எதுவும் கிடைக்காத கோபம் அந்த மக்களுக்கு இருந்தது. அதை நான் பழிக்க மாட்டேன்.

ஆனால் ஐரோப்பியர்கள் விசா இல்லாமல் வந்து வேலை செய்யும் உரிமை நின்றதும் கை போதவில்லை. பருவகாலத் தொழிலாளர் விசா 2019 இல் 2,500 பேருக்கு என்று தொடங்கி, சில வருடங்களிலேயே 40,000 ஐத் தாண்டியது. இப்போது கிர்கிஸ்தான், தாஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தானிலிருந்து ஆறு மாத விசாவில் வருகிறார்கள். கடன் வாங்கி டிக்கெட் எடுத்து வருபவர்கள் பலர். முன்பு வந்த போலந்துக்காரருக்கு வேலை பிடிக்காவிட்டால் வேறு பண்ணைக்குப் போகும் சுதந்திரம் இருந்தது. இவர்கள் இடம் மாற, விசாவுக்குப் பொறுப்பேற்ற நிறுவனத்தின் தயவு வேண்டும்.

கேள்வி (ரீடிங், இந்திய பாஸ்போர்ட்): பிரெக்சிட்டால் எனக்கு ஷெங்கன் விசா கட்டாயமாகிவிட்டதா?

பதில்: முன்பும் கட்டாயம்தான். தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டுதான் ஷெங்கன், பிரிட்டன் ஒருபோதும் அதில் இருந்ததில்லை. பிரிட்டனில் தங்கும் உரிமை இருந்தாலும் பாரிஸ் போக விசா வேண்டும்.

கேள்வி (ஹாரோ, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்): எங்களுக்கு என்ன மாற்றம்?

பதில்: எந்த 180 நாளை எடுத்தாலும் ஷெங்கன் நாடுகளில் மொத்தம் 90 நாள்தான். வெளியே போய்விட்டு வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ஒவ்வொரு நாளும் பின்னோக்கி 180 நாளை எண்ண வேண்டும்.

அதைவிட விமான நிலையத்தில் பலரை அழவைப்பது பாஸ்போர்ட் தேதி. ஐரோப்பாவுக்குள் நுழையும் நாளில் அது வழங்கப்பட்டு 10 வருடம் தாண்டியிருக்கக் கூடாது, திரும்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். 2018 செப்டம்பருக்கு முன் புதுப்பித்தவர்களுக்குப் பழைய புத்தகத்தின் மிச்ச மாதங்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதனால் முடியும் தேதியை மட்டும் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். வழங்கிய தேதியைப் பாருங்கள். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகை, முகப்படம் எடுக்கும் முறையும் படிப்படியாக வந்திருக்கிறது, குழந்தைகளோடு போகிறவர்கள் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி (சேலம், மாம்பழ வியாபாரி): எங்களைப் போன்றவர்களுக்கு இதில் லாபம் உண்டா?

பதில்: கொஞ்சம் உண்டு. 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பழ ஈ காரணமாக இந்திய மாம்பழம், கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய் எல்லாவற்றையும் தடுத்தபோது, லண்டன் கடைகளும் சேர்ந்து காலியாயின. உறுப்பு நாடு தனியாக முடிவெடுக்க முடியாது. மாம்பழத் தடை 2015 தொடக்கத்தில்தான் நீங்கியது. இப்போது பிரிட்டன் தானே முடிவெடுக்கலாம். 2025 ஜூலை 24 அன்று இந்தியாவோடு கையெழுத்தான ஒப்பந்தமும் தனி நாடாக இருந்ததால்தான் சாத்தியமானது. இந்தியப் பொருட்களில் 99 சதவீதத்துக்கு வரி நீங்கும் என்பது அதன் ஏற்பாடு. ஆனால் வரி போனாலும் பூச்சிமருந்து எச்ச அளவு, தாவர நலச் சோதனை இருக்கும். தோட்டத்துக் கணக்கை இன்றே எழுதத் தொடங்குங்கள்: எந்த மருந்து, எந்தத் தேதி, எவ்வளவு.

கேள்வி (டோவர்): இந்தச் சான்றிதழ் தொல்லைக்கு விடிவு உண்டா அண்ணா?

பதில்: 2025 மே 19 லண்டன் மாநாட்டில், உணவு, தாவர நல விதிகளில் ஐரோப்பாவோடு ஒத்துப்போகும் ஓர் ஒப்பந்தத்துக்குப் பேச இரு தரப்பும் இசைந்தன. அது நிறைவேறினால் பெரும்பாலான சான்றிதழ்களும் சோதனைகளும் போய்விடும், சாசேஜும் மறுபடி ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும். விலையாக, ஐரோப்பிய விதி மாறும்போதெல்லாம் பிரிட்டனும் மாற வேண்டும், அந்த விதிக்கு வாக்களிக்கும் உரிமை இல்லாமலே. எனக்குச் சம்மதம்தான். என் வேலையில் பாதி குறைந்தாலும் பரவாயில்லை, அந்தப் பதினான்கு பேரும் வந்து நான்கு பெட்டி நண்டு அனுப்பட்டும்.