செதில் எண்ணும் வேலை உங்கள் மகளுக்கு ஒத்துவருமா?

கற்கால மனிதர்கள் கருவி செய்தபோது சிதறிய கற்செதில்களை ஆராயும் தொல்லியல் வேலைக்குப் போக உங்கள் மகள் விரும்புகிறாள். “உடைந்த கல்லைப் பொறுக்கவா இத்தனை வருடப் படிப்பு?” என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான் வேலை, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கல்லில் என்ன படிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கல்லைத் தட்டிச் செய்து முடித்த கருவியை அந்தக் கால ஆள் எடுத்துப் போய்விடுவான். தட்டிய இடத்தில் மிஞ்சுவது கழிவுச் செதில். அதில் அடி வாங்கிய சிறு முகம், அதையொட்டி ஒரு புடைப்பு, அங்கிருந்து விரியும் அலைக்கோடுகள், முதுகில் முந்தைய அடிகளின் தழும்புகள் இருக்கும். ஒன்றிரண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆற்றில் மோதிய கல்லும் இப்படிப் பெயர்வதுண்டு. முதுகு முழுக்கக் கல்லின் மேல்தோலோடு செதில்கள் குவிந்திருந்தால், அது கல்லை முதலில் உடைத்த இடமாக இருக்கலாம். தோலில்லாத மெல்லிய சிறு செதில்களே மிகுந்தால், கருவியைச் சீர்செய்த இடம்.

புதியவர்கள் தவறவிடுவது தூளை. பெரிய துண்டுகளை அந்தக் கால மக்களே கூட்டி வேறிடத்தில் கொட்டியிருப்பார்கள், 1 மி.மீ.க்கும் சிறிய தூள் தரையில் மிதிபட்டு அங்கேயே தங்கிவிடும். 6 மி.மீ. சல்லடையோடு நிறுத்தினால் பட்டறையே கைநழுவும். கட்டம் கட்டமாக மண் எடுத்து, நீரில் அலசி, நுண்சல்லடையில் சலித்து, நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். பெரியவை ஏராளம், பொடி மட்டும் இல்லை என்றால் நீரோட்டம் அரித்துப் போயிருக்கலாம். கொட்டிய குப்பையாகவும் இருக்கலாம்.

வலுவான சான்று, செதில்களை மீண்டும் ஒன்றோடொன்று பொருத்துவது. இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில் சுமார் 5 லட்சம் ஆண்டு பழைய செதில்களை அப்படிப் பொருத்தியிருக்கிறார்கள். அருகருகே கிடந்தவை பொருந்தினால், தட்டியது அங்கேயே என்று துணிந்து சொல்லலாம். நாள்கணக்கில் உட்கார்ந்தும் ஒரு ஜோடிகூடச் சேராமல் போகும். அதுவும் இந்த வேலையில் சகஜம்.

ஆர்வத்தைச் சோதிக்க, பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் திறந்தவெளியில் ஒரு கல்லைத் தட்டச் சொல்லுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தோல் கையுறை, மூச்சுக்கவசம் கட்டாயம். சிலிக்காத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். தட்டுவது எல்லோருக்கும் பிடிக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்தக் கழிவைச் சலித்து, அளவுவாரியாகப் பிரித்து, எடைபோட்டு, அட்டவணையில் ஏற்றும்போது அவள் முகத்தைப் பாருங்கள். அப்போதும் ஆர்வம் குறையாவிட்டால் தொல்லியலோடு புவியியல், புள்ளியியல் இரண்டையும் சேர்த்துப் படிக்கட்டும். நிரந்தரப் பணியிடங்கள் குறைவுதான். புள்ளியியலும் வரைபட மென்பொருளும் கைவசம் இருந்தால் வேறு துறைக்கும் நகரலாம்.

தட்டும்போது கீழே தார்ப்பாய் விரிக்க மறக்க வேண்டாம். புதுச் செதில் மண்ணில் கலந்தால் பின்னால் வரும் ஆய்வாளர் ஏமாந்துபோவார்.