மஜ்ஜை அறிக்கையில் 'மைடி88 எல்265பி' என்று வந்தால் அது பிள்ளைகளுக்கும் வருமா?

வராது. எலும்பு மஜ்ஜை அறிக்கையில் இந்த வரியைப் பார்த்துவிட்டு இணையத்தில் தேடினேன், 'குழந்தைகளைத் தாக்கும் பரம்பரைக் குறைபாடு' என்று வருகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். மைடி88 என்பது ஒரு மரபணு, அது உருவாக்கும் புரதத்துக்கும் அதே பெயர்; எல்265பி என்பது அதில் நேர்ந்த ஒரு மாற்றம். மரபணு ஒன்றுதான், ஆனால் கோளாறு இரண்டு. ஆய்வகத்தில் மரபணு வரிசை பார்க்கிற எனக்கு இந்தக் குழப்பம் பழகிப்போனது.

மைடி88 புரதம் தானாக எந்தக் கிருமியையும் அடையாளம் காண்பதில்லை. அது செல்லில் கிருமியை உணரும் டோல் வகை ஏற்பிகளின் வேலை. ஏற்பியில் கிருமியின் துண்டு பட்டதும், மைடி88 ஒரு முனையால் ஏற்பியைப் பற்றிக்கொண்டு மறுமுனையால் ஐராக்4 நொதியை இழுத்துக்கொள்ளும். 6 மைடி88, 4 ஐராக்4, அதே குடும்பத்து ஐராக்2 நான்கு என்று அடுக்கடுக்காகச் சுருள் கோபுரம்போல் நிற்கும். அந்தப் படிக வடிவம் 2010இல் வெளியானது. அங்கிருந்து செய்தி செல்லின் உட்கருவுக்குப் போய் அழற்சியும் காய்ச்சலும் தொடங்கும். (பெயரில் உள்ள 88 ஆண்டு இல்லை, எலி செல்களில் கண்ட மரபணுவுக்குப் போட்ட எண்.)

நீங்கள் படித்த பரம்பரைக் குறைபாட்டில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வருகிறது, அதனால் இந்தச் செய்தி போவதில்லை. 2008இல் 9 குழந்தைகளிடம் இதை விவரித்தார்கள். ரத்தத்தில் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா பெருகிக்கொண்டிருக்கும், உடம்பு சரியாகச் சுடக்கூட இல்லாமல் இருக்கலாம். காய்ச்சல் இல்லையே என்று நிம்மதியாக இருக்க முடியாத நோய். பதின்வயது தாண்டினால் தொற்றுகள் பெரும்பாலும் குறைந்துவிடும்.

உங்கள் அறிக்கையில் இருப்பது இதற்கு நேர் எதிர். புரதத்தின் 265ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின். டிஎன்ஏ எழுத்துகளில் சிடிஜி என்பது சிசிஜி ஆகிவிட்டது, அவ்வளவுதான். வரிசைப் படத்தில் டி-யின் சிவப்பு முகட்டுக்கு அடியில் சி-யின் நீல முகடு சின்னதாகத் தலைகாட்டும். நானே முதல் தடவை அதை இரைச்சல் என்று நினைத்தேன். ஆனால் அந்த ஓர் எழுத்தால் கிருமியே இல்லாமல் கோபுரம் எழும்பி, 'பெருகு' என்ற கட்டளை ஓயாமல் போகும். வால்டன்ஸ்ட்ராம் என்ற, மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் இது காணப்படுகிறது. ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் புரதம் மட்டும் கூடியிருக்கிற, நோயாக மாறாத நிலையிலும் பலரிடம் இருக்கும். அதனால் இந்த ஒரு வரியை வைத்து நோயை முடிவு செய்யாதீர்கள், மஜ்ஜையையும் ஐஜிஎம் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த மாற்றம் வாழ்நாளில் எதிர்ப்புப் புரதம் உருவாக்கும் ரத்த வெள்ளை அணுவான ஏதோ ஒரு பி செல்லில் நேர்ந்து, அதன் வாரிசு செல்களோடு நிற்பது. விந்திலோ முட்டையிலோ இல்லை. வால்டன்ஸ்ட்ராம் சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு வருவதுண்டு, அது வேறு கதை; உறவில் யாருக்காவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.