புது மீனுக்குத் தனித் தொட்டி உண்மையிலேயே தேவையா?

கேள்வி: கடையில் வாங்கிய கப்பிகளைத் தொட்டியில் விட்ட ஒரு வாரத்தில் பழைய மீன்களுக்கும் வெள்ளைப்புள்ளி வந்துவிட்டது. க்வாரன்டைன் அவசியமா? வீட்டில் எப்படிச் செய்வது?

அவசியம். ஒரே ஒரு தொட்டி வைத்திருப்பவருக்கு இன்னும் அவசியம்.

கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. சென்னையில் கொளத்தூர் மாதிரி வண்ணமீன் சந்தைக்குப் பல பண்ணைகளின் மீன்கள் வந்து சேர்கின்றன. பல கடைகளில் ஒரே வலைதான் எல்லாத் தொட்டிக்கும் போய் வருகிறது. பிடிபட்டு, பையில் அடைபட்டு, தண்ணீர் மாறி வரும் மீனுக்கு எதிர்ப்புச் சக்தியும் குறைந்திருக்கும். கடையில் துள்ளிக்கொண்டிருந்தது வீட்டுக்கு வந்து நாலைந்து நாளில் சுருண்டுபோவது இதனால்தான்.

வெள்ளைப்புள்ளி எப்படிப் பரவுகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. அது இக்தியோப்தீரியஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. நாம் பார்க்கும் புள்ளி, மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் உயிர். அங்கே எந்த மருந்தும் அதைத் தொடாது. தின்று முடித்ததும் உதிர்ந்து அடியில் போய் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை வெளியே வந்து அடுத்த மீனைத் தேடி நீந்தும் நேரத்தில்தான் மருந்து வேலை செய்யும். 25 டிகிரித் தண்ணீரில் இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய ஒரு வாரம், குளிர்ந்தால் இன்னும் அதிகம். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துகிறவர்களுக்குத்தான் அடுத்த வாரம் இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது. செவுளில் மட்டும் ஒட்டியிருந்தால் வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது. அதனால் இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று பெரிய தொட்டிக்கு மாற்றாதீர்கள். நான் நான்கு வாரம் வைப்பேன்.

இதற்குக் கண்ணாடித் தொட்டியே வேண்டும் என்பதில்லை. 20, 30 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப், ஒரு ஏர் பம்ப், ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், மீன் ஒளிய உடைந்த மண்பானைத் துண்டு போதும். மணல் வேண்டாம். ஸ்பான்ஜை மட்டும் முன்கூட்டியே பெரிய தொட்டியில் சில வாரம் ஓடவிடுங்கள். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும். புது ஸ்பான்ஜை அன்றைக்கே மாட்டினால் நோய்க்கு முன்னால் அம்மோனியாவே மீனைக் கொன்றுவிடும். வலை, குழாய், வாளி எல்லாம் தனி. கடைத் தண்ணீரை டப்பில் ஊற்ற வேண்டாம், மீனை மட்டும் எடுத்து விடுங்கள். மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் நீக்கியைச் சேர்த்த பிறகுதான்.

நோய் தெரியாதவரை மருந்தும் வேண்டாம். வந்த அன்றே "எதுக்கும் இருக்கட்டும்" என்று மெத்திலீன் ப்ளூ ஊற்றுவது இங்கே ஒரு பழக்கமாகிவிட்டது. அது ஸ்பான்ஜில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கெடுக்கும். சாப்பிடுகிறதா, துடுப்பை மடக்கி வைக்கிறதா, எதிலாவது உரசுகிறதா என்று தினமும் கவனியுங்கள்.

புள்ளி வந்தால் கப்பி, மாலிக்கு அயோடின் கலக்காத கல் உப்பு, லிட்டருக்கு 2 கிராம். தராசில் நிறுத்து, ஒரு நாளில் இரண்டு மூன்று தவணையாகக் கரைத்து விடுங்கள். தண்ணீர் மாற்றும்போது எடுத்த தண்ணீருக்கு உண்டான உப்பை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டும். ஹீட்டர் இருந்தால் மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, ஏர் பம்ப் நிற்கக் கூடாது. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். கோரிடோராஸ் போன்ற செதில் இல்லாத மீன்களுக்கு உப்பு அவ்வளவாக ஒத்துவராது.

வாயோரம் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படிந்தால் சூடேற்றாதீர்கள். அது பெரும்பாலும் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய், சூட்டில் வேகமாகப் பரவும். கோல்ட்ஃபிஷ் உடம்பில் நூல் துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் நங்கூரப் புழு. அதற்கு மருந்து வேறு.

உங்கள் தொட்டியில் இப்போது வந்திருப்பதற்கு, நோயாளி மீனை மட்டும் டப்புக்கு மாற்றுவது வீண். ஒட்டுண்ணி ஏற்கெனவே அடியில் இருக்கிறது. முழுத் தொட்டிக்கும்தான் சிகிச்சை. ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், போடும் மருந்தை அது உறிஞ்சிவிடும். உள்ளே செடி இருந்தால் உப்பில் பல செடிகள் வாடும். அப்போது மாலகைட் கிரீன் கலந்த மருந்தை பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் பயன்படுத்துங்கள். எல்லாம் முடிந்ததும் வலையையும் வாளியையும் மொட்டைமாடி வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். ஈரம் போனால் இந்த ஒட்டுண்ணி பிழைக்காது.